எடையில்லாத மேஜரும் ராமையாவின் முடிப்பும்

மேஜர் பிரிட்சர்டுக்கு எடை கிடையாது. துபாய் அல் கூஸில், பழைய டயர் கிடங்குக்கும் சிமெண்டு பிளாக் அறுக்கும் பட்டறைக்கும் நடுவில் இருந்த அந்தக் கம்பெனி கேம்பில் 1984-இல் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த வருடம் வெங்காயம் கிலோ ஒன்றரை திர்ஹம், தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள், மேஜருக்கு எடை இல்லை. சட்டையில் குத்தியிருந்த ஐந்து பதக்கங்கள்தான் அவரைத் தரையில் பிடித்து வைத்திருந்தன. மண்டை உருகுகிற ஆகஸ்டு வெயிலிலும் அவற்றைக் குத்திக்கொண்டு அவர் கேம்பைச் சுற்றி வருவதைப் பார்த்துப் புதிதாக வந்த ஆட்கள் திமிர் என்றார்கள். திமிரும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் திமிர் மட்டும் காரணமில்லை.

முதல் தடவை தெரிந்தது ஒரு சலவைக் கோளாறில். யாரோ அவசரப்பட்டுப் பதக்கத்தோடு சட்டையை லாண்டரி வண்டியில் போட்டுவிட்டார்கள். ஆபீஸ் பாய் ராமையா டீயோடு உள்ளே போனபோது நாற்காலி காலியாக இருந்தது. பாய் என்றால் பையன் என்று எண்ணிவிடக் கூடாது, ராமையாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது, கமுதிப் பக்கம் புளிச்சங்குளத்துக்காரன். அறையின் கூரையில், டியூப் லைட்டுக்குப் பக்கத்தில், பனியனும் அரைக்கால் சட்டையுமாக மேஜர் ஒட்டிக்கொண்டிருந்தார். "டேய், மேலே பாருடா. மம்மு இங்கே கொண்டா" என்றார். ராமையா மேசைமேல் ஏறி டீயைக் கொடுத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட ஓடினான். நம்ம ஆட்கள் எட்டுப் பேர் வந்தார்கள். வந்து, இது யார் டிபார்ட்மெண்ட் என்று சண்டை போட்டார்கள். கூரையில் உள்ளதெல்லாம் ஏசிக்காரன் பொறுப்பு என்றான் எலெக்ட்ரீஷியன். காற்று வந்தால்தான் ஏசி, இவர் காற்று விடவில்லையே என்றான் ஏசிக்காரன். லாண்டரி வண்டி திரும்பி வரும்வரை அந்த நியாயம் தீரவில்லை. வானத்தில் இருந்து சாமியே இறங்கினாலும் நம்ம ஆட்கள் முதலில் கேட்பது எந்த டிபார்ட்மெண்ட் என்றுதான்.

மேஜருக்குத் தமிழ் தெரியும், ஆனால் இரண்டு வகைதான் தெரியும். பல்லாரிப் பாளையத்தில் பிறந்து வளர்ந்தபோது ஆயா கொடுத்த குழந்தைப் பேச்சு ஒன்று, பிறகு மெட்ராஸ் பட்டாளத்தில் ஆபீசராக இருந்தபோது கற்ற கெட்ட வார்த்தை இன்னொன்று. நடுவில் எதுவும் கிடையாது. ஆகவே அவர் பசித்தால் மம்மு என்பார், கோபம் வந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். மீதியை இங்கிலீஷில் சொல்வார், அதை டைம்கீப்பர் அரியரத்தினம் தமிழாக்குவார். அரியரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், வாய் நீளம். மேஜர் சொன்னதைவிடச் சற்று அதிகமாகவே அவர் மொழிபெயர்த்தார் என்பது பொதுவான அபிப்பிராயம்.

வியாழக்கிழமை சாயங்காலங்களில் கிளாஸோடு உட்கார்ந்து மேஜர் தன் சரித்திரத்தைச் சொல்வார். ஒவ்வொரு பதக்கம் நெஞ்சில் ஏறும்போதும் அது எவ்வளவு கனமோ அவ்வளவு எடை உடம்பில் குறைந்துவிட்டது என்பது அவர் கணக்கு. எல்லைப்புறச் சண்டைக்காக ஒன்று வாங்கினார். அந்தச் சண்டை முழுக்க அவர் பொன்னுக்கு வீங்கி படுத்திருந்தார். பர்மா நட்சத்திரம் ஒன்று. மலேரியாக் குளிரில் கோவேறு கழுதை முதுகில் கட்டிக் கொண்டுபோனார்கள், சண்டையைக் கழுதைதான் பார்த்தது. வெள்ளிச் சிலுவை ஒன்று. ராத்திரி பூராவும் ஆற்றுப் பாலத்தைக் காப்பாற்றியது அவருடைய ஹவில்தார் அம்மையப்பனும் ஆறு சிப்பாய்களும். மேஜர் கரையில் தார்ப்பாய்க்குள் தூங்கினார். விடிந்ததும் காலில் ஒரு பூட்ஸ் குறைகிறதே என்று தேடிக்கொண்டு பாலத்து நடுவில் போய் நின்றார். அந்த நேரம் பார்த்து ஜீப்பில் வந்த ஜெனரல், தன்னந்தனியாகப் பாலத்தில் நின்ற ஒற்றை வெள்ளைக்காரனைக் கண்டு கண்கலங்கிச் சிலுவைக்கு எழுதிவிட்டார். நான்காவது, பிற்பாடு ஓமன் மலையில் நடந்த சண்டைக்கு. அங்கே அவர் தண்ணீர்ப் பீப்பாய் எண்ணினார். இவற்றையெல்லாம் மேஜர் தன் வாயாலேயே சொல்லிச் சிரிப்பார். ஐந்தாவதைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டார். அது வட்டமானது, கிரீடம் வைத்த ராஜா தலை போட்டது, எல்லாவற்றிலும் அதுதான் கனம்.

ரிட்டயர் ஆகி சீமைக்குப் போய்ப் பார்த்தார். அங்கே காற்று அதிகம், மரியாதை குறைவு. ஒரு மழைநாளில் கோட்டைக் கழற்றி உதறப்போய் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுப் புகைப்போக்கியில் மாட்டிக்கொண்டார். திரும்பி வளைகுடாவுக்கே வந்துவிட்டார். கம்பெனி அர்பாப், அதாவது முதலாளி, அவரைக் கேம்ப் மேனேஜராக வைத்துக்கொண்டார். வாசலில் ஒரு வெள்ளைக்காரன் பதக்கத்தோடு நின்றால் வருகிற போகிற அதிகாரிகள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடப்பார்கள் என்பது அர்பாப்பின் கணிப்பு. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் மேஜர் அறையின் இரும்புப் பெட்டியில் இருந்தது. லீவும் அவர் கையில்தான்.

இதில் அகப்பட்டுக்கொண்டவன் ராமையா. வெள்ளிக்கிழமை காலைகளில் பதக்கங்களைக் கழற்றிப் பிராஸோ போட்டுத் துலக்குவது அவன் வேலை. அதற்கு முன் மேஜரைத் தரையோடு முடுக்கி வைத்த நாற்காலியில் கட்டவேண்டும். இதற்காக உடைந்த டாட்சன் பிக்கப்பில் இருந்து சீட் பெல்ட் அறுத்து வைத்திருந்தான். கட்டும் இறுக்கம் அவனுக்குத்தான் வாகாக வந்தது. இன்னொருவன் கட்டினால் மேஜர் மூச்சுத் திணறினார், அல்லது நழுவினார். ஆகவே ராமையா லீவு கேட்டபோதெல்லாம் மேஜர் "அடுத்த மாசம்" என்றார். ஐந்து வருடமாக அடுத்த மாதம் வந்துகொண்டே இருந்தது. தப்பு ராமையா பேரிலும் உண்டு. கட்டவும் துலக்கவும் தெரியாதவன் மாதிரி நடித்திருந்தால் இரண்டாம் வருடமே ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். நம்மவனுக்கு அது முடியாது. வெள்ளைக்காரன் ஒருதடவை "அச்சா" என்று சொல்லிவிட்டால் எலும்பு தேயத் தேய்ப்பான், பிறகு அறைக்குப் போய் அழுவான்.

அந்த மார்கழியில் ஊரிலிருந்து லீவு முடிந்து வந்தவன் ஒரு கேசட் கொண்டுவந்தான். ராமையாவின் மனைவி கருப்பாயி, சினிமாப் பாட்டு நாடாவின்மேல் தன் பேச்சைப் பதிந்து அனுப்பியிருந்தாள். ஒரே டேப்ரிக்கார்டர் உள்ள அறை என்பதால் பத்துப் பேரும் கேட்டார்கள்.

"ஏங்க, நல்லா இருக்கீகளா? நல்லாத்தான் இருப்பீக. இங்க உங்க மகன், நீங்க போனப்புறம் பொறந்தவன், டேப்புப் பெட்டியைத்தான் அப்பான்னு கூப்பிடுறான். போன வாரம் அதுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் பெட்டி ரிப்பேரு, நேத்துத்தான் சரி பண்ணி வந்துச்சு. வர்ற பங்குனிப் பொங்கலுக்குள்ள வந்து சேருங்க. வரலைன்னா வீட்டைப் பூட்டிச் சாவியை உங்க அண்ணன்கிட்ட குடுத்துட்டு எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன். அப்புறம் வந்து அழைச்சாலும் படியேற மாட்டேன். பெட்டிக்குப் பொண்டாட்டியா இருந்து எனக்குச் சடைச்சுப் போச்சு."

பிறகு ஒரு கோழி கத்தியது, மீதிப் பாட்டு ஓடியது. அறையில் ஒருவரும் ராமையாவைப் பார்க்கவில்லை. கருப்பாயி சொன்னால் செய்கிறவள் என்பது அவளைப் பார்க்காதவர்களுக்கும் புரிந்தது.

ராமையா கேட்டான், மேஜர் "அடுத்த மாசம்" என்றார். அதன்பின் அவன் நம்ம ஆட்கள் செய்வதைச் செய்தான்: ஊர்க் காளியம்மனுக்கு வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைக்கவேண்டும். காரியம் ஆனதும் கோயிலில் செலுத்தவேண்டும். மஞ்சள்பொடி மெஸ்ஸில் கிடைத்தது, துணி கிழிந்த வேட்டியில் கிடைத்தது. ரூபாய் கிடைக்கவில்லை. இருந்ததெல்லாம் திர்ஹம், அதில் காபி ஜாடி படம். ஜாடிக் காசை முடிந்து அம்மன் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? அப்போதுதான் மேஜரின் ஐந்தாவது வட்டம் அவன் நினைவுக்கு வந்தது. அதைப் பதக்கம் என்று அவன் ஒருநாளும் எண்ணியதில்லை. அசல் ராஜா தலை ரூபாய், மேலே ஒரு வளையம், அவ்வளவுதான். வெள்ளைக்காரனும் எப்போதோ தன் குலதெய்வத்துக்கு முடிந்திருக்கிறான், மஞ்சள் துணி இல்லாமல் கலர் நாடாவில் முடிந்திருக்கிறான், செலுத்தாமலே நெஞ்சில் போட்டுத் திரிகிறான், அதனால்தான் அவனுக்கு இந்தக் கோளாறு என்று ராமையா வெகுநாளாக நம்பிவந்தான். ஒரு வெள்ளிக்கிழமை, மேஜர் பெல்ட்டுக்குள் கண்ணயர்ந்திருந்தபோது, ராஜா தலையைக் கழற்றி இடுப்பில் முடிந்துகொண்டான். திருட்டு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, வளையம் பற்றவைத்த ஒரு திர்ஹத்தை நாடாவில் தொங்கவிட்டான். ரூபாய்க்குத் திர்ஹம், மேஜருக்கு லாபம்தானே என்பது அவன் நியாயம்.

பெல்ட்டை அவிழ்த்ததும் மேஜர் ஒரு சாண் மேலே எழுந்தார். கதவு நிலையில் தலை இடித்தது. அவர் பட்டாளத்துத் தமிழில் பேச ஆரம்பித்தார். சத்தம் கேட்டு வந்த அரியரத்தினம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் நெஞ்சைப் பார்த்தார்.

"சரிதான். ராசாவின்ர தலை போய் அந்த இடத்தில கோப்பிக் கேத்தில் முளைச்சிருக்கு. ராமையா, உது உம்மட வேலைதானே காணும்?"

"சாமிக்கு முடிஞ்சிட்டேன் சார்."

"முடிஞ்சா அவிட்டுக் குடும். மனுசன் தொங்குறார் பாரும்."

"முடிஞ்சதைச் செலுத்தாம அவுத்தா குடும்பம் அவிஞ்சு போகும் சார். என்னால ஆகாது. வேணும்னா நீங்க அவுத்துப் பாருங்க."

அரியரத்தினம் படித்தவர், இதையெல்லாம் நம்பாதவர். கையை நீட்டினார், மஞ்சள் துணியைக் கண்டார், கையை எடுத்துக்கொண்டார். அவருக்கும் ஊரில் குடும்பம் இருந்தது. பெஷாவர்க்கார டிரைவர் கலீல் ரஹ்மானைக் கூப்பிட்டார்கள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நஹி பாய், மன்னத் கா சீஸ் ஹை" என்று, வேண்டுதல் பொருளைத் தொடமாட்டேன் எனக் காதைத் தொட்டுக்கொண்டு போய்விட்டார். மேஜர் தாமே அவிழ்த்திருக்கலாம். அவரும் அவிழ்க்கவில்லை. பல்லாரி ஆயா சின்ன வயதிலேயே என்னவெல்லாம் சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தாளோ.

பாரத்துக்குப் பஞ்சமா அல் கூஸில்? பைகளில் கம்பித் துண்டு போட்டார்கள். இடுப்பில் பிளாக் கல் கட்டினார்கள். மேஜரைத் தொட்டதும் கல்லும் எடை இழந்தது. ஒரு சிமெண்டு மூட்டையை மடியில் வைத்துப் பார்த்தபோது மூட்டையும் அவரும் சேர்ந்து எழுந்தார்கள், மூட்டையை மீட்பது பெரும்பாடாகிவிட்டது. ஒன்று மட்டும் பலித்தது. ராமையா கையைப் பிடித்தால் மேஜர் இறங்கினார். ராஜா தலை அவன் இடுப்பில் அல்லவா இருந்தது.

அதிலிருந்து இருவரும் கைகோத்தே திரிந்தார்கள். அந்த நாட்டில் ஆணும் ஆணும் கைகோத்து நடப்பது புதிதில்லை என்பதால் வெளியே ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்தவர்கள் கேம்புக்காரர்கள்தான். "மாப்ளையும் பொண்ணும் வர்றாக, வழி விடுங்கப்பா" என்று மெஸ் வரிசையில் குரல் வரும். ராமையா கக்கூஸ் போனால் கதவு இடுக்கு வழியாக ஒரு கை வெளியே நீண்டிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மேஜர் நிற்பார். லீவு வாங்க வேண்டிக்கொண்டவன் லீவு தருகிறவரோடு விலங்கு மாட்டிக்கொண்டான். சாமியிடம் கேட்கும்போது விவரமாகக் கேட்கவேண்டும்.

தை போய் மாசி வந்தது. ஒருநாள் ராமையா அரியரத்தினத்தை வைத்துக் கேட்டான்: "அது சார் எந்தச் சாமிக்கு முடிஞ்ச காசுன்னு கேளுங்க. ரெண்டையும் சேர்த்துச் செலுத்திப்புடுறேன்."

மேஜர் கிளாஸை இரண்டு தடவை நிரப்பிக் குடித்தார். பிறகு பேசியதை அரியரத்தினம் இப்படிச் சொன்னார்: "அது இவர்ர இல்லையாம். அந்தப் பாலத்தில செத்தவன் அம்மையப்பன் எண்டு, அவன்ர பதக்கமாம். வீட்டுக்குச் சேர்க்கச் சொல்லி இவரிட்டத் தபாலில வந்ததாம். அடுத்த மாசம் அனுப்புவம் எண்டு வைச்சிருந்தவராம். துலையாமல் இருக்க நெஞ்சில குத்தினவராம்." பிறகு தன் சொந்தச் சரக்காக, "முப்பத்தெட்டு வருசமாய்த் துலைக்கேல்லை, கெட்டிக்காரன்" என்று சேர்த்தார். அம்மையப்பனுக்கு எந்த ஊர் என்று கேட்டதற்கு, ராமநாதபுரமோ திருநெல்வேலியோ, மறந்துவிட்டது என்றார் மேஜர். குடித்துவிட்டுச் சொன்ன பேச்சு. எவ்வளவு நம்பலாம் என்பது அவரவர் பாடு. லீவுக்கு மட்டும் மறுபடியும் அடுத்த மாதம்தான். விட்டால் பறந்துவிடுவார் அல்லவா, யார்தான் விடுவார்கள்?

மாசிக் கடைசியில் இரண்டாவது கேசட் வந்தது. ராமையா அதைத் தனியாகக் கேட்க விரும்பினான், தனியாகத்தான் இருக்க முடியாதே. அறைக் கட்டிலில் அவனும் மேஜரும் கைகோத்து உட்கார்ந்து கேட்டார்கள், ஒன்பது பேர் சுற்றி நின்றார்கள். கருப்பாயி அதில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெட்டி இழுபடும் சத்தம், பாத்திரம் அடுக்கும் சத்தம். பிறகு பக்கத்தில் வந்த ஒரு பையன் குரல்.

"அப்பா, மம்மு சாப்பித்தியா? ஆத்தா மூட்ட கட்டுது. நீ தாச்சிக்கோ. நான் பூட்டும்போது பெட்டிக்குள்ள ஒனக்கு மம்மு வச்சுட்டுப் போறேன்."

ராமையா தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அரியரத்தினம் மொழிபெயர்க்கத் தொண்டையைச் செருமினார். மேஜர் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தி நிறுத்தினார். மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அவர் தம் வாழ்நாளில் தமிழில் ஒரு பேச்சை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். எழுந்து, ராமையாவையும் இழுத்துக்கொண்டு, இரும்புப் பெட்டி இருந்த அறைக்கு நடந்தார்.

லீவில் போகிறவனுக்குப் பாஸ்போர்ட்டை ஏர்போர்ட் வாசலில்தான் கையில் கொடுப்பது அந்தக் காலத்துக் கம்பெனி வழக்கம். முன்னாலேயே கொடுத்தால் ஓடிவிடுவானாம். ஆகவே மேஜரும் போனார். கலீல் ரஹ்மான் பிக்கப்பை நிறுத்தினார். அரியரத்தினம் ஒரு நைலான் கயிற்றை மேஜர் இடுப்பில் கட்டி மறுமுனையை வண்டியின் பின் கம்பியில் முடிந்தார். ராமையா ஒரு கையில் அட்டைப்பெட்டி, மறுகையில் மேஜர். பம்பாய் விமானத்துக்கு ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்கள்.

"சார், விட்டுரட்டுமா?" என்றான் ராமையா. ஐந்து வருடமாகக் கேட்ட லீவு கிடைத்தும் அவனுக்குக் கால் நகரவில்லை. "நீங்க மேல போயிருவீகளே சார். நான் வேணும்னா அடுத்த மாசம்..."

மேஜர் அவனுக்குப் பட்டாளத்துத் தமிழில் ஒரு பதில் சொன்னார். அதை எழுத முடியாது. பாஸ்போர்ட்டை அவன் சட்டைப் பையில் திணித்தார், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார், கையை விட்டார்.

கயிறு விறைத்தது, முடிச்சு அவிழ்ந்தது. அரியரத்தினம் டைம்கீப்பர், கயிறு கட்டுவது அவர் டிபார்ட்மெண்ட் இல்லை. மேஜர் ஏர்போர்ட் வாசல் விளக்குக் கம்பத்தைத் தாண்டி, சரியாக சல்யூட் அடித்தபடி மேலே போனார். செக்யூரிட்டிக்காரன் அண்ணாந்து பார்த்தான், அவர் கையில் டிக்கெட் இல்லை என்பதைக் கவனித்தான், உள்ளே வருகிறவர் இல்லை என்பதால் விட்டுவிட்டான்.

ராமையா பங்குனிப் பொங்கலுக்கு முந்தின நாள் ஊர் சேர்ந்தான். கருப்பாயி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள், சாவி பாதி திரும்பியிருந்தது. அவள் அவனை மேலும் கீழும் பார்த்து, "யாருங்க வேணும்?" என்றாளாம். பிறகு சாவியை மறுபக்கம் திருப்பினாள். காளியம்மனுக்கு ராஜா தலையைச் செலுத்தும்போது ராமையா இரண்டு பெயர் சொன்னான்: தன் பெயரும் அம்மையப்பன் பெயரும். பூசாரி அதை அம்மன் கழுத்தில் கோத்துவிட்டார், அந்த வருடத்திலிருந்து புளிச்சங்குளத்தில் சப்பரம் தூக்க நாலு ஆள் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இளந்தாரிகளுக்கு வலு போய்விட்டது என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். ராமையா துபாய்க்குத் திரும்பவில்லை.

மேஜர் எங்கும் போகவில்லை. ராமையா விமானம் ஏறிய மறுநாள் காலை அவர் அல் கூஸ் கேம்புக்கு மேலே, தண்ணீர்த் தொட்டியைவிடச் சற்று உயரத்தில் நின்றார். மீதி நான்கு பதக்கத்துக்கு உள்ள பாரம் அந்த உயரத்துக்குத்தான் சரியாக இருந்தது போலும். அர்பாப் வந்து பார்த்துவிட்டு "கலாஸ்", கதை முடிந்தது, என்றார், ஆனால் சம்பளத்தை நிறுத்தவில்லை. மேலே நின்றால் தூரத்திலிருந்தே தெரிகிறார், கம்பெனிக்கு நல்லதுதான். வாளியில் டீயும் லீவு மனுவும் கயிறு கட்டி ஏற்றினார்கள், கையெழுத்தாகி இறங்கியது. மேலே போன பிறகு அவர் ஒரு லீவையும் மறுக்கவில்லை.

அந்தக் கேம்பில் மரம் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேஜரின் நிழல் முற்றத்து மணலில் விழும், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு. முதலில் அதற்கு அடிதடி நடந்தது. பிறகு முறை வைத்துக்கொண்டார்கள். இன்று யார் முறையோ அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிழலில் உட்காருவான். நிழல் நகர்ந்தால் அவனும் நகர்ந்து உட்காருவான். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவத் தொட்டிப் பக்கம் நடந்துகொண்டே அண்ணாந்து, "சார், கொஞ்சம் இந்தப் பக்கம்" என்பான். மேஜரும் கொஞ்சம் அந்தப் பக்கம் வருவார்.